மலையிறங்கி வந்த அல்பாக்கா

அல்பாக்காவின் ரோமம் தானாக உதிர்வதில்லை. நாய்க்கும் குதிரைக்கும் பருவம் மாறும்போது பழைய முடி கொட்டிப் புதிது முளைக்கிறது. அல்பாக்காவுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. யாராவது கத்தரிக்காவிட்டால் அதன் ரோமம் ஆண்டுக்கு ஏறத்தாழ 8 முதல் 12 சென்டிமீட்டர் வரை வளர்ந்துகொண்டே போகும். இரண்டு மூன்று ஆண்டுகள் அப்படியே விடப்பட்ட விலங்கு, புழுக்கமான கோடை நாளில் நிழலில் நின்றபடியே வெப்பத் தாக்குதலில் இறந்துபோக நேரிடும்.

ஆகவே ஆண்டுக்கு ஒரு முறை ரோமம் கத்தரிப்பது அல்பாக்காவுக்குச் செய்தே தீரவேண்டிய வேலை. இந்த விலங்குகளைச் சிறு பண்ணைகளில் வளர்ப்பவர்களுக்கு இதைப் போலவே வேறு பல வேலைகளும் உண்டு: நகம் வெட்ட வேண்டும், பல்லைத் தேய்த்துச் சரிசெய்ய வேண்டும், குளிர்காலத்தில் வைட்டமின் டி கொடுக்க வேண்டும், புழுக்களைக் கண்காணிக்க வேண்டும். உதிரிகளாகத் தோன்றும் இந்த வேலைகளுக்குப் பின்னால் பொதுவான ஒரு காரணம் இருக்கிறது. தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலையில் பாறையும் புல்லும் வெயிலும் பனியும் செய்துவந்த வேலைகள்தாம் இவை. விலங்கை மலையிலிருந்து இறக்கிக் கொண்டுவந்த மனிதன், மலையின் வேலையையும் தன் தோளில் ஏற்றுக்கொண்டிருக்கிறான்.

விகுன்யாவின் வழித்தோன்றல்

அல்பாக்கா ஒட்டகக் குடும்பத்தைச் சேர்ந்தது. அந்தக் குடும்பம் தோன்றியது வட அமெரிக்காவில். அங்கிருந்து ஒரு கிளை ஆசியாவுக்குச் சென்று ஒட்டகமானது. இன்னொரு கிளை சுமார் 30 லட்சம் ஆண்டுகளுக்கு முன் தென் அமெரிக்காவுக்குள் நுழைந்தது. பின்னாளில் வட அமெரிக்காவில் இந்த இனமே அழிந்துபோக, தென் அமெரிக்காவில் விகுன்யா, குவானாக்கோ என்னும் இரண்டு காட்டு விலங்குகள் எஞ்சின. குவானாக்கோவைப் பழக்கி லாமாவை உருவாக்கினார்கள். அல்பாக்காவும் லாமாவின் வழி வந்ததுதான் என்று நெடுங்காலம் எண்ணியிருந்தனர். அதன் மூதாதை விகுன்யாவே என்று 2001இல் வெளியான மரபணு ஆய்வு காட்டியது.

பெருவின் ஹூனின் பகுதியில் தெலார்மச்சாய் என்றொரு பாறைக் குகை இருக்கிறது. அங்கே தோண்டியெடுத்த எலும்புகளை வைத்து, ஆண்டிஸ் மக்கள் சுமார் 6,000 ஆண்டுகளுக்கு முன்பே இவ்விலங்குகளை மந்தைகளாக வளர்த்தார்கள் என்கின்றனர் தொல்லியலாளர்கள். அன்று முதல் தலைமுறை தலைமுறையாக, ரோமம் அதிகம் தரும் விலங்குகளைத் தேர்ந்து இனப்பெருக்கம் செய்துவந்தார்கள். அந்தத் தேர்வின் விளைவை எடையிலேயே பார்க்கலாம். இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒரு முறை பிடித்துக் கத்தரிக்கும் காட்டு விகுன்யாவிடம் கிடைப்பது சுமார் 200 கிராம். அல்பாக்காவோ ஒவ்வோர் ஆண்டும் 2 முதல் 4 கிலோ தருகிறது. இத்தனை ரோமத்தைச் சுமக்கும் உடலை உருவாக்கியவர்கள், அதை இறக்கிவைக்கும் பொறுப்பையும் ஏற்றார்கள்.

ஆண்டிஸ் மேய்ப்பர்களின் தேர்ச்சிக்கு இன்னொரு சான்றும் உண்டு. தென் பெருவின் எல் யாரல் என்னும் இடத்தில், சுமார் 1,000 ஆண்டுகளுக்கு முன் பலியிட்டுப் புதைக்கப்பட்ட லாமாக்களும் அல்பாக்காக்களும் பாலைவனத்தின் வறட்சியில் தோலும் ரோமமும் கெடாமல் கிடைத்தன. அவற்றை ஆராய்ந்த ஆய்வாளர் ஜேன் வீலர், இன்றைய மந்தைகளைவிட அந்த விலங்குகளின் ரோமம் மென்மையாகவும் சீராகவும் இருந்ததைக் கண்டார். ஸ்பானியப் படையெடுப்புக்குப் பின் மேய்ப்பர்களும் மந்தைகளும் பெருமளவில் அழிந்தனர். எஞ்சிய அல்பாக்காக்கள் லாமாக்களோடு கலந்துபோயின. இழந்த அந்த மென்மையை மீட்கும் வேலை இன்றும் தொடர்கிறது.

உலகின் அல்பாக்காக்களில் பெரும்பகுதி இன்றும் பெருவில்தான் இருக்கிறது. புனோ, குஸ்கோ, அரெகிப்பா பகுதிகளில், கடல் மட்டத்துக்கு மேல் 4,000 மீட்டர் உயரத்தில் அவை மேய்கின்றன. பிற நாடுகளுக்கு அவை பரவியது அண்மையில்தான். அமெரிக்காவுக்கு வணிக நோக்கில் முதன்முதலாக இறக்குமதியானது 1984இல். ஒஹையோ போன்ற மாநிலங்களில் சில ஏக்கர் நிலத்தில் பத்து, இருபது விலங்குகளை வைத்திருக்கும் குடும்பப் பண்ணைகள் இன்று ஏராளம். அல்பாக்காவின் உடல் பழகிய சூழலுக்கும் அந்த நிலத்துக்கும் எத்தனை தூரம் என்பது, பராமரிப்பின் ஒவ்வொரு படியிலும் தெரியவருகிறது.

அசையாத காற்று

ரோமம் வெப்பத்தை உண்டாக்குவதில்லை. காற்றை அசையவிடாமல் பிடித்துவைக்கிறது. அசையாத காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. அல்பாக்காக்களில் பெரும்பான்மையான வாகாயா இனத்தின் இழைகளில் நுண்ணிய நெளிவுகள் உண்டு. அவற்றுக்கிடையே காற்று நிறைய தங்கும். சூரி இனத்தின் இழைகள் நெளிவில்லாமல் பளபளப்பான சுருள்களாகத் தொங்கும். சற்றுத் தடித்த இழைகளின் நடுவில் காற்றறைகளும் உண்டு. பகலில் வெயிலும் இரவில் உறைபனியும் மாறி மாறி வரும் மேட்டுநிலத்துக்கு இதைவிடப் பொருத்தமான உடை இல்லை.

வயிறு, அக்குள், தொடையின் உட்புறம் ஆகிய இடங்களில் மட்டும் ரோமம் அடர்த்தியாக இராது. உடலின் மிகை வெப்பம் வெளியேறும் சாளரங்கள் இவை. வெயில் நேரத்தில் அல்பாக்கா எழுந்து நின்றோ பக்கவாட்டில் சரிந்து படுத்தோ இவற்றில் காற்றுப் படவிடும். குளிரும்போது கால்களை மடித்து உட்கார்ந்து மூடிக்கொள்ளும்.

வறண்ட மலைக்காற்றில் இந்த ஏற்பாடு போதும். ஒஹையோவின் ஜூலை மாதத்துக்குப் போதாது. அங்கே வளர்ப்பவர்களிடம் எளிய கணக்கு ஒன்று உண்டு. வெப்பநிலையை ஃபாரன்ஹீட்டில் எடுத்து, காற்றின் ஈரப்பத விழுக்காட்டை அதோடு கூட்டுவார்கள். விடை 120க்குள் என்றால் கவலையில்லை. 150ஐத் தாண்டினால் எச்சரிக்கை. 180 என்றால் ஆபத்து. 90 டிகிரி வெயிலும் 80 விழுக்காடு ஈரப்பதமும் சேர்ந்தால் 170 வந்துவிடுகிறது. அத்தகைய நாளில் கொட்டிலில் மின்விசிறி ஓட வேண்டும், குளிர்ந்த குடிநீர் குறையாமல் இருக்க வேண்டும். தண்ணீர் தெளிப்பதானால் வயிற்றிலும் கால்களிலும் மட்டுமே தெளிக்க வேண்டும். முதுகு ரோமத்தை நனைத்தால் ஈரம் உள்ளேயே தேங்கி, காற்று புகாமல் அடைத்து, நிலைமையை மோசமாக்கிவிடும். வெப்பத் தாக்குதலில் ஆண் விலங்குகள் சில காலம் மலடாகிவிடுவதும் உண்டு.

இதனால்தான் வட அமெரிக்கப் பண்ணைகளில் கோடை தொடங்குமுன், ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான காலத்தில், கத்தரிப்பை முடித்துவிடுகிறார்கள்.

கத்தரிப்பு நாள்

கத்தரிப்புக்கு முதல் தேவை ஈரமில்லாத ரோமம். மழை வரும்போல் இருந்தால் முந்தைய இரவே மந்தையைக் கொட்டிலில் அடைத்துவிடுவார்கள். நனைந்த ரோமம் கத்தரியில் சிக்கும். மூட்டை கட்டினால் பூஞ்சை பிடிக்கும். வெள்ளை நிற விலங்குகளை முதலில் கத்தரித்து, பிறகு பழுப்பு, கடைசியாகக் கறுப்பு என்று வரிசை வைப்பதும் வழக்கம். வெள்ளை ரோமத்தில் கலந்த கறுப்பு இழையைப் பிரித்தெடுக்க முடியாது.

செம்மறியாட்டைப் பிட்டத்தில் உட்காரவைத்தால் அது அடங்கிவிடும், கட்டிப்போடாமலே கத்தரித்துவிடலாம். நீண்ட கழுத்தும் நீண்ட கால்களும் கொண்ட அல்பாக்கா அப்படி அடங்காது. அது உதைத்துத் திமிறும்போது கத்தரி பட்டால் ஆழமான காயம் ஏற்படும். அதனால் மெத்தை விரிப்பில் பக்கவாட்டில் படுக்கவைத்து, முன்னங்கால்களை ஒரு கயிற்றிலும் பின்னங்கால்களை இன்னொரு கயிற்றிலும் பிணைத்து, எதிரெதிர்த் திசைகளில் மெல்ல நீட்டிக் கட்டுகிறார்கள். பார்ப்பவர்களுக்கு இது கொடுமையாகத் தோன்றலாம். விலங்குக்கும் கத்தரிப்பவருக்கும் காயம் படாமல், வேலை பத்து நிமிடத்துக்குள் முடிய இதுவே நம்பகமான வழி.

ஒருவர் தலைமாட்டில் மண்டியிட்டுக் கழுத்தை நேராகப் பிடித்துக்கொள்கிறார். அல்பாக்கா மிரண்டால், அரைகுறையாகச் செரித்த பச்சைப் புல்லை இரைப்பையிலிருந்து மேலே கொண்டுவந்து துப்பும். அதனால் மூஞ்சியில் ஒரு பழைய காலுறையை மாட்டிவிடுவதும் உண்டு. கத்தரிப்பவர் வயிற்றோரம் தொடங்கி முதுகெலும்பை நோக்கி நீளவாக்கில் கத்தரியை ஓட்டுகிறார். சீப்புப் போன்ற அடித்தகடு தோலை ஒட்டி நகர, அதன்மேல் வெட்டுத்தகடு பக்கவாட்டில் அசைந்து இழைகளை அறுக்கிறது. கத்தரி ஓடும் கைக்கு முன்னால் மற்றொரு உள்ளங்கை தோலை இழுத்துப் பிடித்தபடி போகிறது. அக்குள் மடிப்பிலும் மடியோரத்திலும் தோல் மிக மெல்லியது. ஒரு சுருக்கம் தகட்டுக்குள் போனால் கிழிந்துவிடும். அவ்வப்போது தகட்டைப் புறங்கையில் வைத்துச் சூடு பார்த்து எண்ணெய் விடுகிறார். ரோமப் போர்வை விரியும்போது, புழுதி படிந்து மங்கிய மேற்புறத்துக்கு அடியில், நுனி முதல் வேர் வரை நெளிவோடி மின்னும் இழைகள் தெரிகின்றன. ஓராண்டு வளர்ச்சி முழுவதும் கிழியாமல் ஒரே விரிப்பாகக் கழன்று வருகிறது.

கை நடுங்கி, விட்டுப்போன இடத்தில் மறுபடியும் கத்தரி ஓட்டினால் குட்டைத் துணுக்குகள் ரோமத்தில் கலந்துவிடும். அவை நூலில் நிலைக்காமல் வெளியே வந்து துணியில் சிறு உருண்டைகளாகத் திரளும். எனவே முதல் வெட்டே முழு வெட்டாக இருக்க வேண்டும். முதுகு, விலாப் பகுதி ரோமம் ஒரு பையில்; கழுத்து ரோமம் வேறொரு பையில்; கால், வயிற்று ரோமம் மூன்றாவது பையில். இப்படிப் பிரிப்பதற்குக் காரணம் இழையின் பருமன். அதை மைக்ரானில் அளக்கிறார்கள். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நல்ல முதுகு ரோமம் 20 மைக்ரானை ஒட்டி இருக்கும். கால் ரோமம் 30ஐத் தாண்டிவிடும்.

அந்த 30 முக்கியமான எல்லை. கம்பளி உடுத்தால் சிலருக்கு உடம்பு அரிப்பதற்குப் பெரும்பாலும் ஒவ்வாமை காரணமில்லை. துணியிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் இழையின் முனை தோலில் முட்டும்போது, மெல்லிய இழை வளைந்துவிடுகிறது. தடித்தது வளையாமல் நரம்பு முனைகளைத் தூண்டுகிறது. உள்ளங்கையில் நூல் நுனியை அழுத்திப் பார்த்து, பிறகு ஈர்க்குச்சியை அழுத்திப் பார்த்தால் வேறுபாடு தெரியும். ஏறத்தாழ 30 மைக்ரானுக்கு மேற்பட்ட இழைகள் நூற்றுக்கு ஐந்தைத் தாண்டினாலே பலருக்கு உறுத்தத் தொடங்கும். 'பேபி அல்பாக்கா' என்று கடைகளில் விற்பது குட்டியின் ரோமம் என்று பலரும் நினைக்கிறார்கள். அது மென்மையைக் குறிக்கும் தரப்பெயர் மட்டுமே. வளர்ந்த விலங்கின் மெல்லிய ரோமமும் அந்தத் தரத்தில் அடங்கும்.

செம்மறி ரோமத்தில் உள்ள லனோலின் என்னும் கொழுப்பு அல்பாக்காவில் இல்லையென்றே சொல்லலாம். ஆகவே அதைக் கழுவுவது எளிது. ஆனால் கொழுப்பு இல்லாத ரோமத்தில் புழுதி ஆழமாக இறங்கும். அல்பாக்காவுக்கு மண்ணில் புரள்வது கொள்ளைப் பிரியம். கத்தரித்த ரோமத்தை வலைமேசையில் பரப்பி உதறி, வைக்கோல் துணுக்கும் தடித்த மயிரும் பொறுக்குவதில் பண்ணைக் குடும்பத்துக்குப் பல நாள் மாலைகள் கழியும்.

கல்லும் புல்லும் செய்த வேலை

விலங்கு கட்டுண்டு கிடக்கும் அந்தச் சில நிமிடங்களில் வேறு பல வேலைகளும் முடிந்துவிடுகின்றன. அல்பாக்காவுக்குக் குளம்பு கிடையாது. ஒவ்வொரு காலிலும் மெத்தென்ற இரண்டு விரல்களும் அவற்றின் முனையில் நகங்களும் உண்டு. ஆண்டிஸின் கற்பாங்கான தரை அந்த நகங்களைத் தேய்த்துவிடும். மெத்தென்ற புல்வெளியில் அவை நீண்டு சுருண்டு விரலையே திருகிவிடும். ஆகவே ஆண்டுக்குச் சில முறையாவது வெட்ட வேண்டும்.

பல்லின் கதையும் இதுதான். அல்பாக்காவுக்கு முன்வாயின் மேல்வரிசையில் பல் கிடையாது. கீழ்ப் பற்கள் மேலுள்ள கெட்டியான ஈறில் பதிந்து புல்லை அறுக்கின்றன. மலையில் வளரும் இச்சு என்னும் முரட்டுப் புல்லில் சிலிக்கா அதிகம். அது பற்களை அராவிக்கொண்டே இருக்கும். இளம்புல் தின்னும் பண்ணை விலங்குக்குத் தேய்மானம் போதாமல் கீழ்ப் பற்கள் வெளியே துருத்திக்கொள்ளும். அவற்றை அளவாக அராவிவிடுகிறார்கள். வயது வந்த ஆண்களுக்கு வாயின் உட்புறம் கத்திமுனை போன்ற ஆறு சண்டைப் பற்கள் முளைக்கும். போட்டி ஆண்கள் ஒன்றையொன்று கடித்துக் குதறாமல் இருக்க அவற்றையும் மழுக்க வேண்டும்.

அந்த முரட்டுப் புல்லையே தின்று வாழப் பழகிய மூன்றறை இரைப்பை, ஊட்டம் குறைந்த தீவனத்திலிருந்தும் சத்தைப் பிழிந்தெடுக்க வல்லது. ஆகவே தானியமும் செழிப்பான புல்லும் கிடைத்தால் அல்பாக்கா விரைவில் கொழுத்துவிடும். கொழுத்ததா மெலிந்ததா என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. ரோமம் எல்லாவற்றையும் மறைத்துவிடும். கடைசி விலா எலும்புக்குப் பின்னால் முதுகெலும்பின்மேல் கையை வைத்து அழுத்திப் பார்க்க வேண்டும். எலும்பின் இருபுறமும் சதை சரிவாக இறங்கினால் நலம். குழிந்திருந்தால் விலங்கு மெலிந்துவிட்டது. எலும்பே தட்டுப்படாவிட்டால் கொழுத்துவிட்டது. மாதம் ஒரு முறை இந்தக் கை வைப்பு தவறினால், கத்தரிப்பு நாளில் ரோமத்துக்கடியில் எலும்பும் தோலுமான உடலைக் கண்டு திகைக்க வேண்டியிருக்கும். வேட்டையாடப்படும் விலங்கு என்பதால் நோயை முடிந்தவரை வெளிக்காட்டாமல் நிற்பது அல்பாக்காவின் இயல்பு. அது தானாகப் படுத்துவிடும்போது பல நேரம் காலம் கடந்துவிட்டிருக்கும்.

வெயிலும் எலும்பும்

4,000 மீட்டர் உயரத்தில் காற்று மெல்லியது. புற ஊதாக் கதிர்கள் அதிகம் இறங்கும். அவற்றைக் கொண்டு தோல் வைட்டமின் டி தயாரிக்கிறது. அடர்ந்த ரோமத்தை மீறி விழும் சிறிதளவு கதிரே அங்கே போதுமானது. வட அமெரிக்காவின் வடபகுதியிலோ நவம்பர் முதல் பிப்ரவரி வரை சூரியன் தாழ்வாகவே செல்கிறது. வைட்டமின் உருவாக்கும் கதிர் தரையை எட்டுவதே அரிது. வளரும் குட்டிகளுக்கு இதனால் ரிக்கெட்ஸ் நோய் வருகிறது. எலும்பு வலுவிழக்கும், முன்னங்கால் மூட்டு வீங்கும், முதுகைக் கூனிக்கொண்டு நடக்கத் தயங்கும். இலையுதிர் காலத்தில் பிறந்தவற்றுக்கும் கருநிறக் குட்டிகளுக்கும் ஆபத்து கூடுதல். மருத்துவர் சொல்லும் அளவில் குளிர்காலம் முழுவதும் வைட்டமின் டி கொடுப்பதே தீர்வு. அளவு மீறினாலும் தீங்குதான் என்பதால் விருப்பம்போல் கொடுக்கக் கூடாது.

புழுக்களோடு ஒரு கணக்கு

உறைபனியும் வறட்சியும் கொண்ட மேட்டுநிலத்தில் ஒட்டுண்ணிகளின் பெருக்கம் கட்டுக்குள் இருக்கும். ஈரமான புல்வெளியில் அப்படியில்லை. இரைப்பையின் மூன்றாம் அறையில் ஒட்டிக்கொண்டு இரத்தம் குடிக்கும் ஹீமாங்கஸ் புழு ஒன்று, நாளொன்றுக்குச் சுமார் 0.05 மில்லிலிட்டர் குடிக்கிறது. ஆயிரம் புழுக்கள் இருந்தால் நாளுக்கு 50 மில்லிலிட்டர் இரத்தம் போகும். அதைக் கண்டறியக் கீழ் இமையைப் பிதுக்கி உட்சவ்வின் நிறத்தைப் பார்க்கிறார்கள். செம்மறியாடுகளுக்காகத் தென்னாப்பிரிக்காவில் உருவான ஃபமாச்சா வண்ண அட்டையோடு அதை ஒப்பிடுவார்கள். செந்நிறமானால் மருந்து வேண்டாம். வெளுத்திருந்தால் உடனே வேண்டும்.

கிழக்கு அமெரிக்காவில் இன்னும் கொடிய எதிரி மூளையுறைப் புழு. அது வெண்வால் மானுக்குப் பெரும் தொல்லை தராமல் அதன் உடலில் வாழ்கிறது. மானின் புழுக்கையிலிருந்து நத்தைக்குப் போய், நத்தையைப் புல்லோடு சேர்த்து விழுங்கும் அல்பாக்காவின் தண்டுவடத்தை அடைகிறது. அங்கே திசை தெரியாமல் அலைந்து நரம்புத் திசுவைச் சிதைக்கிறது. முதலில் பின்னங்கால்கள் தள்ளாடும். பிறகு எழவே முடியாமல் போகலாம். தண்டுவடத்துக்குள் நுழைந்த புழுவை ஐவர்மெக்டின் என்னும் புழு மருந்து எளிதில் எட்டாது. அதற்கு முன்பே கொல்ல வேண்டுமென்று பல பண்ணைகளில் மாதந்தோறும் அந்த ஊசியைப் போடுகிறார்கள்.

சிக்கல் இங்கேதான் முற்றுகிறது. மாதந்தோறும் அதே மருந்து போனால், அதைத் தாங்கிப் பிழைக்கும் ஹீமாங்கஸ் புழுக்கள் பெருகிவிடும். ஒரு புழுவிடமிருந்து காக்கும் மருந்து, இன்னொன்றுக்குப் பயிற்சிக்களமாகிவிடுகிறது. ஆகவே மருந்தோடு நிலத்தையும் கவனிக்க வேண்டும். மான் வராமல் வேலி, நத்தை தங்காமல் வடிகால், தரை மட்டத்துக்குப் புல் தீர்ந்துபோகுமுன் மந்தையை அடுத்த வயலுக்கு மாற்றுதல், புழுக்கையை நுண்ணோக்கியில் பார்த்து முட்டைகளை எண்ணுதல் என அது நீள்கிறது. இதில் அல்பாக்காவே ஓர் உதவி செய்கிறது. மந்தை முழுவதும் குறிப்பிட்ட ஓரிரு இடங்களில் மட்டுமே புழுக்கை போடும். அந்த இடத்துப் புல்லைப் பெரும்பாலும் மேயாது. ஆண்டிஸில் அந்தக் குவியல் காய்ந்து அடுப்பெரிக்க உதவும். பண்ணையில் அதை அள்ளி எருவாக்கினால் புழுக்களும் குறையும்.

தனியாக ஒன்று வேண்டாம்

சினைக்காலம் ஏறத்தாழ பதினொன்றரை மாதம். குட்டி பெரும்பாலும் முற்பகலில்தான் பிறக்கும். தாய் குட்டியை நக்கிக் காயவைக்காது. நாக்கை அவ்வளவு வெளியே நீட்ட அதனால் இயலாது. மலையில் வெயிலும் உலர்காற்றும் அந்த வேலையைச் செய்யும். மாலையில் பிறக்கும் ஈரக் குட்டி இரவுப் பனியில் விறைத்துவிடும் என்பதால் முற்பகல் பிறப்பே நிலைத்துவிட்டது என்கின்றனர் ஆய்வாளர்கள். மழைநாளில் பிறந்தால் வளர்ப்பவர்தான் துண்டு கொண்டு துடைத்து வெதுவெதுப்பாக வைக்க வேண்டும். நோயெதிர்ப்புப் பொருள்கள் கருவிலிருக்கும் குட்டிக்கு நஞ்சுக்கொடி வழியே செல்வதில்லை. முதல் 24 மணி நேரத்துக்குள் குடிக்கும் சீம்பால்தான் அதன் முதல் கவசம். குட்டி எழுந்து நின்றதா, மடி தேடியதா, குடித்ததா என்று பார்ப்பதைவிட அன்று முக்கியமான வேலை வேறில்லை.

மந்தை இல்லாத அல்பாக்கா நலமாக இருக்காது. இரண்டு மூன்றாவது சேர்ந்திருக்க வேண்டும். குறிப்பாக, ஆண் குட்டியைத் தனியாகப் பிரித்துப் புட்டிப்பால் கொடுத்து வீட்டுப் பிள்ளையாக வளர்க்கக் கூடாது. அது மனிதரைத் தன் இனமாகவே கருதத் தொடங்கும். வளர்ந்தபின் போட்டி ஆணிடம் காட்டும் வெறியை மனிதரிடம் காட்டும். அன்பால் செய்த தவறுக்கு அந்த விலங்கு தன் உயிரையே விலையாகக் கொடுத்த நிகழ்வுகள் உண்டு.

வாங்கும் முன்

2000களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் அல்பாக்கா ஒரு முதலீடாக விற்கப்பட்டது. ஒரு பெட்டைக்குப் பல்லாயிரம் டாலர் விலை போனது. 2008க்குப் பின் சந்தை சரிந்தபோது, விலையில்லாமல் போன விலங்குகள் பல கத்தரிப்பாரின்றி, நகம் வெட்டுவாரின்றிக் கைவிடப்பட்டன. அவற்றை மீட்டெடுக்கத் தனி அமைப்புகளே தேவைப்பட்டன. பணக்கணக்கைப் போட்டவர்கள் இந்தப் பராமரிப்புக் கணக்கைப் போடவில்லை.

இன்று அல்பாக்கா வாங்க நினைப்பவர் விலையைக் கேட்பதற்கு முன் கேட்க வேண்டியவை வேறு. இந்த ஆண்டுக் கத்தரிப்புக்குத் தேதி தரும் கைதேர்ந்தவர் இருக்கிறாரா? ஒட்டகக் குடும்ப விலங்குகளைப் பார்த்துப் பழகிய கால்நடை மருத்துவர் அருகில் இருக்கிறாரா? நிலத்தில் மான் வருகிறதா, தண்ணீர் தேங்குகிறதா, கோடைப் புழுக்கத்துக்கு நிழலும் காற்றும் உண்டா? ஓர் அல்பாக்கா பதினைந்து, இருபது ஆண்டுகள் வாழும். அத்தனை ஆண்டும் இவற்றைச் செய்ய வீட்டில் ஆள் இருப்பார்களா? ஆம் என்று சொல்ல முடிந்தவரின் பண்ணையில் இந்த விலங்கு செழித்து வாழும்; இல்லையென்றால், எவ்வளவு ஆசை இருந்தாலும் வாங்காமல் இருப்பதே அதற்குச் செய்யும் நன்மை.